கடைமடையில் நிலம் வாங்குகிறீர்களா? சித்திரையில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை போய்ப் பாருங்கள்

தை மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வரை பேருந்தில் போனால், சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் சம்பா நெல் கதிர் முற்றி நிற்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள். கோடியக்கரைக்குப் போகும் வழியில் மாந்தோப்பும் முல்லைத் தோட்டமும். இந்தப் பசுமையைப் பார்த்துவிட்டு, "இங்கே இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன?" என்று நினைப்பவர்கள் இன்று அதிகம். வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துடன் ஊர் திரும்புவோர், சென்னையில் வேலை முடிந்து ஓய்வு பெற்றோர், பக்கத்து வயல் விலைக்கு வந்ததும் விட மனமில்லாத சிறு விவசாயி என எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு.

ஆசையில் தவறில்லை. ஆனால் காவிரி டெல்டாவின் கடைமடை நிலம் மற்ற ஊர் நிலம் போன்றதல்ல. ஒரே கிராமத்தில், ஒரே வாய்க்காலின் இரு கரைகளில் இருக்கும் இரண்டு வயல்களில் ஒன்று மூட்டை மூட்டையாக நெல் தரும். மற்றொன்று உப்புப் பூத்துக் கிடக்கும். இரண்டுக்கும் பட்டாவில் 'நஞ்சை' என்றுதான் எழுதியிருக்கும். தரகர் இரண்டையும் ஒரே மாதிரிதான் புகழ்வார். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது வாங்குபவரான உங்கள் பொறுப்பு.

பச்சையைப் பார்த்து விலை பேச வேண்டாம்

கார்த்திகை முதல் தை வரை டெல்டாவில் எல்லா நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரியும். எனவே நிலத்தைக் குறைந்தது இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சித்திரை வெயிலில். அப்போதுதான் மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் படிவது தெரியும். வரப்போரம் உமரிச் செடி மண்டியிருந்தால் அது உப்பு மண்ணுக்கு அடையாளம். பக்கத்து நிலங்கள் தரிசாகிச் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால், அவற்றை ஏன் கைவிட்டார்கள் என்று ஊரில் நான்கு பேரிடம் விசாரியுங்கள்.

இரண்டாவது முறை ஐப்பசி, கார்த்திகையில், நல்ல மழை பெய்த மூன்றாம் நாள். வயலில் தேங்கிய தண்ணீர் வடிந்துவிட்டதா, நடவுப் பயிர் இன்னும் மூழ்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். நிலத்தை விற்பவர் "இரண்டு மாதம் பொறுக்க முடியாது, வேறு ஆள் தயாராக இருக்கிறார்" என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடாக ஒரு ஆவணமும் உண்டு. அதுதான் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கல். ஒவ்வொரு பசலி ஆண்டிலும் (ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை) அந்தப் புல எண்ணில் யார், எந்தப் பயிரைச் சாகுபடி செய்தார் என்பது அதில் பதிவாகிறது. ஐந்து பசலிகளின் அடங்கலை வரிசையாகப் பாருங்கள். குறுவைக் காலம் ஐந்து ஆண்டும் வெற்றாக இருந்தால், மேட்டூர் தண்ணீர் அந்த வயலுக்கு உரிய நேரத்தில் வருவதில்லை என்று பொருள் கொள்ளலாம். சம்பாவுக்குப் பின் உளுந்தோ பயறோ ஓர் ஆண்டுகூட இல்லையென்றால், மண்ணில் உப்பு இருக்கிறதா, வடிகால் கெட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தண்ணீர் வரும் வழி

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. இது ஏட்டில் இருக்கும் கணக்கு. அணையில் நீர் இருப்பைப் பொறுத்து இந்த நாள் மாறும். 2024-ல் அணை ஜூலை 28-ல்தான் திறக்கப்பட்டது. அணையில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, பல கிளை ஆறுகளைக் கடந்து கடைமடையை எட்டுவதற்குள் நாள்கள் பல ஓடிவிடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் இன்னும் தாமதமாகும்.

ஆகவே "ஆற்றுப் பாசனம் உண்டு" என்ற ஒரு வரியோடு திருப்தி அடையாதீர்கள். நிலத்துக்குத் தண்ணீர் தரும் ஆறு எது, அதிலிருந்து பிரியும் வாய்க்கால் எது, மதகிலிருந்து எத்தனை வயல் தாண்டி உங்கள் மடை இருக்கிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். பல இடங்களில் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் வரப்பை வெட்டிக் கீழ் வயலுக்கு வரும். மேல் வயல்காரர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினாலோ, மனை போட்டு விற்றாலோ உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபடும்.

ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது என்று ஆழ்துளைக் கிணறு போட நினைப்பீர்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதியில் பல இடங்களில் நல்ல நிலத்தடி நீர் கிடைக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் பல இடங்களில் கிடைப்பது உப்பு நீர். வேதாரண்யம் பகுதி மணல் மேடுகளில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. இதைத் திருப்பியும் படிக்க வேண்டும். மேலே ஓர் அடி குறையும்படி இறைத்தால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறிவரும். அதனால்தான் அங்கே ஆழமாகப் போர் போடுவதைவிடக் குளம் வெட்டி மழைநீரைச் சேர்ப்பதும், ஆழமில்லாத கிணற்றில் அளவோடு இறைப்பதும் நல்லது. நிலத்தில் ஏற்கெனவே மின் இணைப்பு இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்றித் தருவார்களா என்பதையும் கிரயத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

தண்ணீர் போகும் வழி

புதிதாக வருபவர்கள் தண்ணீர் வருவதைப் பற்றித்தான் கேட்பார்கள். கடைமடை விவசாயி முதலில் கேட்பது வடிகாலைப் பற்றி. நாகை, திருவாரூர் மாவட்டங்களின் பெரும்பகுதி சமதளம். கடல் மட்டத்துக்கு மேல் சில அடி உயரமே உள்ள நிலங்கள் இங்கு ஏராளம். வடகிழக்குப் பருவமழையில் மேலே உள்ள வயல்களின் தண்ணீரெல்லாம் இவ்வழியேதான் கடலுக்குப் போக வேண்டும். அப்போது கடல் பொங்கியிருந்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் உள்வாங்காது. ஆற்றிலும் வடிகாலிலும் எதிர்த்து நிற்கும். வயலில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் இளம்பயிர் அழுகிவிடும்.

எனவே நிலத்தின் வடிகால் எந்த வாய்க்காலில் சேர்கிறது, அது எந்த ஆற்றில் விழுகிறது, கடைசியாகத் தூர்வாரியது எப்போது, வழியில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைமடை ஆறுகளில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் இயக்கு அணை உங்கள் நிலத்துக்குக் கடல் பக்கம் இருக்கிறதா, மேல் பக்கம் இருக்கிறதா என்பதும் முக்கியம். அணைக்குக் கடல் பக்கம் உள்ள நிலத்தில் கோடையில் உப்பு நீர் ஏறும்.

புயலையும் கணக்கில் வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்ந்த தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. நெல் வயல் அடுத்த பருவத்தில் மீண்டும் விளையும். தென்னையோ காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். தோப்பாக வாங்குபவர்கள் மரத்தின் வயதையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து விலை கொடுக்காமல், இந்த அபாயத்தையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

உப்பை அளந்து பாருங்கள்

மண் மாதிரியைக் கோடையில் எடுங்கள். மழைக்காலத்தில் உப்பு கீழே இறங்கிவிடும். அப்போது எடுக்கும் மாதிரி உண்மை நிலையைக் காட்டாது. நெல்லுக்கு மேல் மண் 15 செ.மீ. ஆழம் போதும். மரப்பயிர் வைக்கும் எண்ணம் இருந்தால் மூன்றடி குழி வெட்டி, ஒவ்வோர் அடிக்கும் தனி மாதிரி எடுங்கள். ஏக்கருக்குப் பத்து இடங்களிலாவது எடுத்துக் கலந்து அரை கிலோவாகக் குறைத்து, மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள்.

முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று மின் கடத்தும் திறன். மற்றொன்று கார அமில நிலை. மண்ணின் தெவிட்டு நிலைச் சாற்றில் மின் கடத்தும் திறன் 3 டெசிசைமன் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும். 5 என்றால் ஏறக்குறையக் கால் பங்கு இழப்பு. 7 என்றால் பாதி போய்விடும். நம் ஆய்வகங்கள் பலவற்றில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் சேர்த்து அளக்கிறார்கள். அந்த முறையில் எண் குறைவாகத்தான் வரும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாசன நீரில் 0.7 வரை கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் அது களர் தன்மை. இதற்கு ஜிப்சம் இட்டுத் தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது சரிசெய்யலாம். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் பலன் தராது. நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிப்பதே வழி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த நாகை வயல்கள் மீண்டதும் மழைநீர் உப்பைக் கழுவி வடித்ததால்தான். இரண்டுக்குமே வடிகால் வேண்டும். வடிகால் இல்லாத உப்பு நிலத்தை எந்த மருந்தாலும் திருத்த முடியாது. ஓரளவு உப்புள்ள நிலத்துக்குத் திருச்சி ரகங்கள் உள்ளன. குழியடிச்சான் போன்ற பாரம்பரிய ரகங்களும் உண்டு.

விலை மிகக் குறைவாகச் சொல்லப்படும் இடம் கைவிட்ட இறால் பண்ணையா என்று கவனியுங்கள். மேல் மண்ணைச் சுரண்டிக் கரை போட்டிருப்பார்கள். உப்பும் ஊறியிருக்கும். விளைநிலங்களை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நாகை மாவட்டத்தில் பணியாற்றிய சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். இன்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுத்தான் நடக்க வேண்டும். பக்கத்தில் பண்ணை இருந்தால் அது பதிவு பெற்றதா, கழிவு நீரை எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள்.

மா, குழி, ஏர்: அளவில் ஏமாறாதீர்கள்

டெல்டாவில் விலை பேசுவது மாவிலும் வேலியிலும். பட்டாவில் இருப்பது ஹெக்டேரும் ஏரும். 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. அதாவது 33 சென்ட். 20 மா ஒரு வேலி. "மூன்று மா ஓர் ஏக்கர்" என்று வாய்க்கணக்குச் சொல்வார்கள். உண்மையில் அது 99 சென்ட். ஒரு வேலிக்கு இந்த வித்தியாசம் ஐந்தாறு சென்ட் வரை வரும். பட்டாவில் 0-40.50 என்று இருந்தால் 40.5 ஏர், அதாவது ஓர் ஏக்கர். ஓர் ஏர் 2.47 சென்ட். பத்திரத்தில் எழுதுவது பட்டா அளவாக இருக்கட்டும். புல வரைபடத்தை வைத்து நில அளவர் முன்னிலையில் அளந்து கல் நட்ட பின் மீதித் தொகையைக் கொடுங்கள்.

அறுவடை இயந்திரம் இறங்க வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பல வயல்களுக்கு அடுத்தவர் வரப்புதான் பாதை. மாமூல் வண்டிப்பாதை உரிமையும், வாய்க்கால் நீர் பாயும், வடியும் உரிமையும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுத்தில் வர வேண்டும்.

பட்டா மட்டும் போதாது

பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை நிரூபிப்பது மூலப் பத்திரங்கள். 1980-களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் பதிவான பட்டாக்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஆகவே அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டு நகலையும் கேளுங்கள். வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும்.

பூர்வீகச் சொத்தென்றால் மகள்களின் கையெழுத்து கட்டாயம். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்த திருத்தங்களால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. "அக்காவுக்குச் சீர் செய்தாகிவிட்டது" என்ற பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் வங்கியிலும் நிலத்தின் பேரில் பாக்கி இல்லை என்ற சான்றை விற்பவர் வாங்கித் தரட்டும். அசல் பத்திரம் கையில் இல்லை என்றால், அது எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று தெரியும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

குத்தகைதாரர் இருக்கிறாரா?

டெல்டாவில் நிலம் வாங்குபவர் அதிகம் சிக்கும் இடம் இது. நிலத்தை விற்பவர் சென்னையில் இருப்பார். உழுபவர் ஊரில் இருப்பார். 1955-ம் ஆண்டுச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகையை ஒழுங்காகச் செலுத்திவரும் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது. நிலம் கைமாறினாலும் அவர் உரிமை கைமாறாது. நீங்கள் வாங்குவது நிலத்தின் உரிமையை. சாகுபடி அவரிடமே இருக்கும்.

1969-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவேடு இருக்கிறது. அதைப் பாருங்கள். பதிவேட்டில் இல்லாவிட்டாலும், அடங்கலில் யார் பெயர் இருக்கிறது, ஊரில் யார் உழுகிறார் என்று கேளுங்கள். குத்தகைதாரர் தாமாக விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், நியாயமான தொகையோ நிலத்தில் ஒரு பங்கோ கொடுத்து, எழுத்துமூலம் முறைப்படி முடியுங்கள். ஆள் பலத்தைக் காட்டி இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருவாய் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேரும். பல தலைமுறையாக உழுத ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைத்துவிட்டு அந்த ஊரில் நிம்மதியாக விவசாயம் செய்யவும் முடியாது. நாளைக்கு உங்கள் வயலில் நடவுக்கு வர வேண்டியவர்களும் அவர்கள்தான்.

விற்கக் கூடாத நிலங்கள்

டெல்டாவில் கோயில், மடம், தர்கா நிலங்கள் மிக அதிகம். அறநிலையத் துறைச் சட்டம் 1959-ன் 34-வது பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. ஆனாலும் கோயில் நிலத்தின் 'சாகுபடி உரிமை' வெள்ளைத்தாளில் எழுதி ஏக்கர் கணக்கில் கைமாறுகிறது. அப்படி வாங்கியவருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் வராது. கொடுத்த பணமும் திரும்பாது.

வக்பு நிலம், பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம், உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்து நிபந்தனையுடன் வழங்கிய நிலம், 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம் ஆகியவற்றையும் தொடாதீர்கள். 'அ' பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் இவை தெரியும். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சமூகத்தினர் அல்லாதோர் வாங்கினால் எத்தனை ஆண்டு கழித்தும் அரசு மீட்கலாம். ஆற்றுப் படுகை, வாய்க்கால் புறம்போக்கைச் சேர்த்துக் காட்டி விற்பதும் நடக்கிறது. புல வரைபடத்தோடு ஒப்பிட்டால் புலப்படும்.

கடற்கரை விதி, குழாய்ப் பாதை

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல்நீர் ஏறும் ஆறு, உப்பனாற்றுக் கரைகளுக்கும் இது பொருந்தும். விவசாயத்துக்குத் தடையில்லை. ஆனால் பண்ணை வீடு, விடுதி கட்டும் எண்ணத்தோடு வாங்கினால் முதலில் மாவட்டக் கடலோர மண்டல வரைபடத்தைப் பாருங்கள். கோடியக்கரை சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளை ஒட்டிய நிலங்களில் வனத்துறை எல்லையையும் சரிபாருங்கள்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதும், உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவை தொடங்குவதும் தடைசெய்யப்பட்டன. ஆனால் ஏற்கெனவே இருந்த கிணறுகளும் குழாய்களும் அப்படியேதான் உள்ளன. வயலுக்கு அடியில் குழாய் போனால், 1962-ம் ஆண்டுக் குழாய்ப்பாதைச் சட்டப்படி அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. நெல்லுக்குப் பரவாயில்லை. தோப்பு வைக்க வாங்குபவருக்கு இது நட்டம். நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு உள்ளதா என்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். காரைக்கால் எல்லைக்குள் வாங்கினால் அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி என்பதையும், பதிவு முறையும் கட்டணமும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பல வளைகுடா, சிங்கப்பூர், மலேசிய வருமானத்தில் நடப்பவை. அன்னியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கு வீடோ மனையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. வாரிசாகப் பெறலாம். ஊரில் உள்ள மனைவி, பெற்றோர் பெயரில் வாங்கினால் அந்த நிலம் சட்டப்படி அவர்களுடையது. பணத்தை எப்படி அனுப்புவது என்று கணக்காயரைக் கேட்டு, வங்கி வழியாகவே செய்யுங்கள்.

நிலமில்லாதவர் வாங்க வழி

நிலம் வாங்குவது பணம் படைத்தவர் காரியம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கூலிக்காரர்கள் நிலம் வாங்கிய பெரிய வரலாறு இதே நாகை மண்ணில் உண்டு. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின், ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் இப்பகுதியில் தங்கிப் பணியாற்றினார்கள். 1981-ல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, முறையாகக் கிரயம் செய்து, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. சேர்ந்து வாங்கியதால் பேரம் பேச முடிந்தது. பெண் பெயரில் இருந்ததால் நிலம் எளிதில் கைமாறவில்லை.

இன்று தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயத் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்க விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை ஐந்து ஏக்கர் வரை வாங்கலாம். மாவட்டத் தாட்கோ மேலாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் இத்தகைய பெண்களுக்கு மண் பரிசோதனையையும் அடங்கல் சரிபார்ப்பையும் தாங்களே முன்னின்று செய்துகொடுத்தால், மானியத்தில் உப்பு நிலம் தலையில் விழாமல் தடுக்கலாம்.

கடன் வாங்கி நிலம் வாங்கலாமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி மதிப்பும் அதுவே என்றால், முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 90,000 ரூபாய். (10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.) மொத்தம் 10.90 லட்சம். இதை 9 சதவீத வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 98,100 ரூபாய்.

வரவைப் பார்ப்போம். ஒரு போகம் நெல் 20 குவிண்டால், குவிண்டால் 2,500 ரூபாய் வீதம் 50,000. பின் உளுந்து 2 குவிண்டால், 7,800 வீதம் 15,600. மொத்த வரவு 65,600 ரூபாய். செலவு 35,000 போனால் மிச்சம் 30,600. வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு. ஆக, இருக்கும் வயலை அடமானம் வைத்துப் பக்கத்து வயலை வாங்கினால், ஒரு வெள்ளமோ வறட்சியோ வந்த ஆண்டில் இரண்டும் கையை விட்டுப் போகும். கையில் உள்ள பணத்துக்கு ஒரு மாதான் கிடைக்கும் என்றால் ஒரு மாவே வாங்குங்கள். அல்லது அந்த நிலத்தையே இரண்டு ஆண்டு குத்தகைக்கு எடுத்து விளைவித்துப் பாருங்கள். அதைவிடச் சிறந்த மண் பரிசோதனை இல்லை.

எதை முதலில், எதைப் பிறகு?

முதலில் 'அ' பதிவேடு, அடங்கல், குத்தகைப் பதிவேடு மூன்றையும் பாருங்கள். இதற்குச் செலவு குறைவு. பாதி நிலங்கள் இங்கேயே கழிந்துவிடும். அடுத்து சித்திரையில் மண்ணும் நீரும் பரிசோதனை. பிறகு வழக்கறிஞரிடம் மூலப் பத்திரம், வில்லங்கம், வாரிசு விவரம். ஐப்பசியில் வடிகால் பார்த்து, அளந்து கல் நட்ட பிறகே கிரயம். பதிந்ததும் பட்டா உங்கள் பெயருக்கு மாறியதா, அடுத்த பசலி அடங்கலில் உங்கள் சாகுபடி ஏறியதா என்று உறுதி செய்யுங்கள். சிட்டாவும் அடங்கலும் உங்கள் பெயரில் இருந்தால்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியும். பயிர்க்கடனும் காப்பீடும் பெற முடியும்.

மண்ணைப் பற்றிய சந்தேகங்களுக்குத் தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும், நெல் ரகங்களுக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையும், தென்னைக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். நாகை மாவட்டத்தினருக்குச் சிக்கலிலும், திருவாரூர் மாவட்டத்தினருக்கு நீடாமங்கலத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. முன்பணம் கொடுத்த பிறகு போவதைவிட, கொடுப்பதற்கு முன்பு ஒரு முறை போய் வாருங்கள்.